சைக்கிள் டியூபும் சுவரும்: தரையில் திருந்திய என் நீச்சல்

பாளையங்கோட்டையில் நான் போகும் நீச்சல் குளத்தில் 25 மீட்டரைக் கடக்க 2022-ல் எனக்கு 27 ஸ்ட்ரோக், அதாவது 27 கைவீச்சு, ஆகும். இப்போது 20. நேரம் 29 விநாடியிலிருந்து 23-க்கு வந்திருக்கிறது. வயது 47. இந்த மாற்றத்தில் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே நடந்தது, வீட்டு வராந்தாவில், ஒரு பழைய சைக்கிள் டியூபையும் ஒரு சுவரையும் வைத்துக்கொண்டு. அதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆற்றில் நீச்சல் பழகி வளர்ந்த நம்ம ஊர்க்காரர்கள் பலருக்கும் என்னுடைய அதே கோளாறுதான் இருக்கிறது. குளத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

நான் நீந்தப் பழகியது திருநெல்வேலியில் தாமிரபரணியின் குறுக்குத்துறையில். ஏழு வயதில் சித்தப்பா வாழைத்தண்டை முதுகில் கட்டி இறக்கிவிட்டார். நாலைந்து நாளில் தண்டு இல்லாமலேயே மிதந்தேன். அதற்கப்புறம் கோடை விடுமுறை முழுக்க ஆறுதான். ஆனால் ஆற்றுக்காரன் நீச்சலுக்கு ஒரு குணம் உண்டு: தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கும். இருந்தாக வேண்டும். எதிரே பாறை இருக்கிறதா, மரக்கட்டை மிதந்து வருகிறதா, கரை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே போனால்தான் உயிருக்குப் பாதுகாப்பு. அந்த வகையில் அது அறிவுள்ள நீச்சல். நீரோட்டமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போவதால் வேகமாகப் போகிற மாதிரியே இருக்கும்.

குளத்தில் நீரோட்டம் கிடையாது. தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் இறங்கும், உடம்பு சாய்ந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். அதனால் கையில் பலத்தைக் கூட்டுவதைவிட உடம்பை ஒரே கோட்டில் வைத்து எதிர்ப்பைக் குறைத்தால் ஆதாயம் அதிகம். இது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

குளத்தில் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார்: "சார், முழங்கை விழுது. கால் கீழ போகுது. வயித்த இறுக்குங்க." நானும் தலையாட்டுவேன். அடுத்த 25 மீட்டரில் முதல் எட்டு ஸ்ட்ரோக் வரை எல்லாம் சரியாக இருக்கும், பிறகு பழையபடி. புரியாததால் வந்த தவறு என்று நினைத்து வீடியோ பார்த்தேன், இன்னும் கவனமாக முயன்றேன். உண்மையில் அவர் சொன்ன நிலையில் உடம்பைப் பிடித்து வைக்கும் தசை என்னிடம் இல்லை. எட்டு ஸ்ட்ரோக் வரைக்கும்தான் அது தாங்கியது.

சரி, பலம்தானே வேண்டும் என்று 2022 கடைசியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்தது பெரும்பாலும் நெஞ்சுக்கான பயிற்சி: மல்லாந்து படுத்து எடையைத் தள்ளுவது, தண்டால், மறுபடியும் தள்ளுவது. மூன்று மாதத்தில் நெஞ்சு விரிந்தது, சட்டை இறுக்கமானது. நீச்சல் மோசமானது. வலது தோளில், கையைத் தலைக்கு மேல் கொண்டு போகும்போது மட்டும் முன்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச நாளில் தலை சீவக்கூட முடியவில்லை.

ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். அவர் தோளைத் தொடுவதற்கு முன்னால் என்னைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். முழங்காலை மடக்கி, கீழ்முதுகைத் தரையோடு ஒட்டவைத்து, இரண்டு கைகளையும் காதோடு சேர்த்துத் தலைக்குப் பின்னால் நீட்டச் சொன்னார். கை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலேயே நின்றது. வலுக்கட்டாயமாகத் தொடவைத்தால் கீழ்முதுகு வில் மாதிரி எழும்பியது. "இதே வளைவுதான் சார் தண்ணியிலயும். முதுகு வளைஞ்சா கால் தன்னால கீழ போயிரும்" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புற மிதந்து கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும்போது, ஒவ்வொரு இழுப்பிலும் நெஞ்சும் முதுகின் பக்கவாட்டுத் தசைகளும் கையை உள்பக்கமாகத் திருப்புகின்றன. ஒரு கிலோமீட்டர் நீந்தினால் கைக்கு நானூறு தடவைக்கு மேல் இது நடக்கும். வெளிப்பக்கம் திருப்புகிற தசைகளுக்கும், தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்து வைக்கும் தசைகளுக்கும் அந்த அளவு வேலை கிடைப்பதில்லை. அதோடு நாள் முழுக்க நாற்காலியில் குனிந்து கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. அதற்கும் மேலே தள்ளும் பயிற்சியாகவே செய்தால் தோள் இன்னும் முன்னால் சுருண்டுவிடும். கை மேலே போக இடமில்லாமல் மூட்டுக்குள் நெரிபடும். தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு செய்யச் சொன்னார். இன்றுவரை அந்தக் கணக்கை மாற்றவில்லை.

வலி குறைந்தது. ஆனால் நான் தரைப்பயிற்சியை மருந்து மாதிரிதான் எடுத்துக்கொண்டேன், வலித்தால் செய்வது, இல்லாவிட்டால் விடுவது. அதை முழுமனதோடு செய்யவைத்தது 2023 டிசம்பர் வெள்ளம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நெல்லைக்காரர் யாருக்கும் மறக்காது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடியது. ஜங்ஷன் பக்கம் தெருவெல்லாம் ஆறானது. தண்ணீர் வடிந்த பிறகும் படித்துறைகளில் சேறும் முள்ளும் மரக்கிளையும். ஆற்றில் இறங்குகிற பேச்சே இல்லை. வீட்டுச் சேதத்தைச் சரிபண்ணும் வேலையில் குளத்துக்கும் போகவில்லை. மொத்தம் ஒன்பது வாரம் நான் நீந்தவே இல்லை. ஏழு வயதுக்குப் பிறகு அவ்வளவு நாள் தண்ணீரில் இறங்காமல் இருந்ததில்லை. அந்த ஏக்கத்தில்தான் வராந்தாவில் ஒழுங்காக ஆரம்பித்தேன்.

முதலில் சுவர். குதிகால், பிட்டம், முதுகு, பின்தலை நான்கும் சுவரில் படும்படி நிற்க வேண்டும். ஒரு உள்ளங்கையை இன்னொரு புறங்கை மேல் வைத்து இரண்டு கையையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் மேலே நீட்ட வேண்டும். குளத்துச் சுவரைக் காலால் தள்ளிக்கொண்டு புறப்படும்போது இருக்க வேண்டிய அதே நிலை. அப்போது கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். எனக்கு என் முழங்கையே நுழைந்தது. விலா எலும்புகளை உள்ளே இழுத்து, வயிற்றை இறுக்கி, அந்த இடைவெளியை உள்ளங்கை கனத்துக்குக் குறைத்து இருபது விநாடி நிற்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சி. என் நீச்சலில் மிகப்பெரிய மாற்றம் இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்லுவேன்.

அதற்குத் துணையாக மல்லாந்து படுத்துச் செய்வது ஒன்று. கை இரண்டும் மேல்நோக்கி, முழங்கால் இரண்டும் இடுப்புக்கு நேர் மேலே மடங்கி. வலது கையைத் தலைக்குப் பின்னாலும் இடது காலை முன்னாலும் மெதுவாக நீட்டித் திரும்ப வேண்டும். பிறகு மாற்றி. கீழ்முதுகு தரையை விட்டு ஒரு இம்மிகூட எழும்பக் கூடாது. எழும்பினால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பக்கத்துக்கு எட்டு தடவை, மூன்று சுற்று. நீச்சலிலும் இதேதான் நடக்கிறது: கையும் காலும் அசைந்துகொண்டே இருக்க, நடு உடம்பு அசையாமல் இருக்க வேண்டும். குப்புறக் கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நிற்பதில் அர்த்தமில்லை. முப்பது விநாடி நேராக நின்றுவிட்டு, பிறகு இடுப்பு ஆடாமல் ஒரு கையால் மறு தோளைத் தொட்டு மாற்றி மாற்றிச் செய்தால் அது நீச்சலுக்கு நெருங்கி வரும்.

அப்புறம் டியூப். பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய சைக்கிள் டியூப். இரண்டாக வெட்டி, நடுப்பகுதியை ஜன்னல் கம்பியில் நெஞ்சு உயரத்தில் கோர்த்து, நுனிகளைக் கைகளில் பிடித்து இடுப்பிலிருந்து முன்னால் குனிய வேண்டும், முதுகு நேராக. கையை முன்னால் நீட்டிய நிலையிலிருந்து முழங்கையை அங்கேயே உயரத்தில் நிறுத்திவிட்டு, முன்கையை மட்டும் செங்குத்தாகக் கீழே மடக்க வேண்டும். உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு துடுப்பு மாதிரி. அதற்குப் பிறகுதான் இடுப்பைத் தாண்டி இழுக்க வேண்டும். மாஸ்டர் வருஷக்கணக்காகச் சொன்ன 'முழங்கை விழுது' என்பதன் அர்த்தம் முதல் நாளே இங்கே தெரிந்தது. தண்ணீரில் என்ன நடக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாது. வராந்தாவில் முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே செய்யலாம். எந்த இடத்தில் பலம் போய் முழங்கை கீழே சரிகிறது என்பதும் தெரியும். எனக்கு இடது கையில் பத்தாவது இழுப்பில் சரிந்தது. அதனால் ஒன்பதோடு நிறுத்தினேன். சரிந்த முழங்கையோடு இருபது இழுத்தால் சரிவதற்குத்தான் பயிற்சி கொடுக்கிறோம்.

டியூப் பற்றி ஒரு எச்சரிக்கை. இழுப்பதற்கு முன்னால் முழு நீளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். வெயில்பட்ட ரப்பரில் மெல்லிய வெடிப்பு விழும். எனக்கு ஒரு தடவை அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

அதே டியூபில்தான் தோளுக்கான காப்புப் பயிற்சியும். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறிய தசைகளில் வெளியே திருப்புகிறவற்றுக்கு இது வேலை கொடுக்கிறது. லேசான இழுவை போதும், பதினைந்து தடவை. அதோடு குப்புறப் படுத்து, கட்டை விரல் வானம் பார்க்க, கைகளை முதலில் பக்கவாட்டிலும் பிறகு தலைக்கு மேல் சாய்வாகவும் தூக்குவது. முதல் மாதம் வெறும் கை. பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இதில் அவசரப்பட்டு எடையைக் கூட்டினால் கழுத்துத்தான் வேலை செய்யும், காது பக்கம் தோள் ஏறும். அப்படி ஏறினால் எடை அதிகம் என்று அர்த்தம்.

கையில் பிடித்துச் சுற்றும் கனமான மரக்கட்டையான கர்லாக்கட்டை என் திட்டத்திலேயே இல்லை. எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சி, சின்ன வயதில் சிலம்பம் ஆடியவர். நான் டியூபோடு மல்லுக்கட்டுவதை ஒரு காலையில் நின்று பார்த்தார். மறுநாள் தன் வீட்டுப் பரணில் இருந்த கட்டை இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதில் சின்னதைக் கொடுத்தார். நான் கையால் சுற்றினேன். "எய்யா, தோள வச்சுச் சுத்தாத. கால ஊணு, இடுப்ப திருப்பு, கட்ட தன்னால வரும்" என்றார். இரண்டு வாரம் தினமும் காலையில் பத்து நிமிடம் நின்று திருத்தினார்.

ஃப்ரீஸ்டைலில் உடம்பு உருள்வது என்பார்கள். தட்டையாகக் கிடக்காமல், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இடுப்பும் தோளும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்திலிருந்துதான் இழுப்புக்கு நீளமும் வலுவும் வரும். நான் அதைக் கேட்டிருக்கிறேன், உணர்ந்ததில்லை. கட்டையைச் சுற்றும்போது இடுப்பு முந்தினால் கட்டை இலேசாகப் பறக்கிறது, கை முந்தினால் மணிக்கட்டு வலிக்கிறது. எது சரி என்று கட்டையே அந்த நொடியில் சொல்லிவிடும். கட்டை தலைக்குப் பின்னால் இறங்கும்போது தோள் திறந்துகொடுப்பதும் கூடுதல் லாபம். ஆனால் தோள்வலி இருக்கும்போது இதைத் தொடாதீர்கள். வலி முழுக்கப் போய் ஒரு மாதம் கழித்து, இலேசான கட்டையில், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது ஆரம்பிக்கலாம்.

காலுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கவில்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பிறகு அதையே ஒற்றைக் காலில். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்குத் தொடையின் முன்பக்கம் சுருங்கி, உதை முழங்காலிலிருந்து வரும். பிட்டத்துக்கு உயிர் வந்தால்தான் இடுப்பிலிருந்து உதைக்க முடியும். கணுக்காலுக்கு வஜ்ராசனம். பாதம் பின்னால் நீண்டு மடங்காவிட்டால் உதை நம்மைப் பின்னுக்கு இழுக்கும், பிரேக் பிடித்த மாதிரி. முழங்கால் வலி உள்ளவர்கள் குதிகாலுக்கு மேல் ஒரு தலையணை வைத்து உட்காரலாம், அப்போதும் வலித்தால் விட்டுவிடலாம்.

2024 பிப்ரவரி கடைசியில் குளத்தில் இறங்கினேன். ஒன்பது வாரம் நீந்தாததால் மூச்சு நூறு மீட்டருக்குள் வாங்கியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சுவரைத் தள்ளிப் புறப்பட்ட முதல் தடவையே வித்தியாசம் தெரிந்தது. வழக்கமாகக் குளத்துக்குக் குறுக்கே மேலே கட்டியிருக்கும் கொடிக்கயிற்றுக்கு முன்னாலேயே நின்றுவிடுவேன், அன்று அதைத் தாண்டிப் போனேன். மாஸ்டர் மேலிருந்து பார்த்துவிட்டு, "சார், கால் மேல வந்துட்டு. எங்க பழகுனீங்க?" என்று கேட்டார். வராந்தாவில் என்றேன்.

ஆனால் ஸ்ட்ரோக் எண்ணிக்கை உடனே குறையவில்லை. 25-லேயே நின்றது. இது முக்கியமான இடம், பலர் இங்கே நம்பிக்கை இழப்பார்கள். தரையில் கிடைத்த பலம் தானாகத் தண்ணீருக்கு வருவதில்லை. அதைக் கூட்டி வர வேண்டும். நான் செய்தது: குளத்துக்குப் போனதும் கரையில் ஐந்து நிமிடம் டியூபை லேசாகப் பத்து தடவை இழுத்து, சுவரோடு ஒரு தடவை நின்று, உடனே இறங்கி நான்கு 25 மீட்டர் மெதுவாக. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நினைப்பு. முதலாவதில் விலா உள்ளே. இரண்டாவதில் முழங்கை உயரம். மூன்றாவதில் கையை முஷ்டியாக மூடி நீந்துவது. உள்ளங்கை இல்லாததால் முன்கையால் தண்ணீரைப் பிடித்தே ஆக வேண்டும். நான்காவதில் கையைத் திறந்தால் பெரிய துடுப்பு கிடைத்த மாதிரி இருக்கும். இப்படி ஆறு வாரம். அதற்குப் பிறகுதான் 23, 22 என்று இறங்கியது.

செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் பயிற்சி எனக்கு ஒன்றுகூட வராது. ஸ்டூலில் ஏறி மேலே இருந்துகொண்டு, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குவதாக ஆரம்பித்து, நான்கு மாதத்தில் மூன்று இழுக்க முடிந்தது. அந்த உற்சாகத்தில் காலையில் கம்பியில் தொங்கிவிட்டு நேராகக் குளத்துக்குப் போனேன். களைத்த முதுகோடு நீந்தினால் முழங்கை சரியும். சரிந்தபடியே ஆயிரம் மீட்டர் நீந்தி, மூன்று வாரத்தில் பழைய கோளாறைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கடினமான தரைப்பயிற்சி செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும், அரை மணி நேரம். நீச்சல் திங்கள், வியாழன், சனி காலையில். இரண்டு கடினமான நாட்களுக்கு நடுவே தசைக்கு 48 மணி நேரமாவது கிடைக்கிறது. கோடை வெயிலில் மாலை ஏழு மணிக்கு முன்னால் வராந்தாவில் எதுவும் செய்வதில்லை.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவளும் நீந்துகிறாள். அவளுக்குச் சுவர், மல்லாந்து செய்வது, லேசான டியூப், இவ்வளவுதான். எடை இல்லை, கட்டை இல்லை. அவள் மாஸ்டரும் நானும் பேசி முடிவு செய்தது. சிறுவர்கள் தங்கள் உடம்பு எடையை வைத்துச் செய்வதை ஒழுங்காகக் கற்றாலே நிறைய இருக்கிறது.

போன கோடையில், தண்ணீர் தெளிந்து இறங்கியிருந்தபோது குறுக்குத்துறைக்கும் போனேன். ஆற்றில் இப்போதும் தலையைத் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் ஆறு ஸ்ட்ரோக்குக்கு ஒரு தடவை, கண் மட்டும் வெளியே வரும்படி. பார்த்ததும் முகம் உள்ளே போய்விடும். அந்த ஒரு நொடியில் இடுப்பு கீழே போகாமல் பிடித்து வைப்பது சுவரோடு நின்ற அதே தசைகள்தான். எத்தனை பழகியவரானாலும் ஆற்றில் தனியாக இறங்க வேண்டாம். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.

இன்னும் சரியாகாதது ஒன்று இருக்கிறது. வலது பக்கம் மூச்சு எடுத்தால் 20 ஸ்ட்ரோக், இடது பக்கம் எடுத்தால் 22. இடது பக்கம் மேல்முதுகு திரும்பவில்லை. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் கையைப் புத்தகம் விரிப்பது போலப் பின்னால் திறக்கும் பயிற்சியை மூன்று வாரமாகச் செய்கிறேன். வலது பக்கம் முதுகு தரையைத் தொடுகிறது. இடது பக்கம் இன்னும் நாலு விரல்கடை பாக்கி.